வகுப்பறையில் குடும்ப வரலாறு: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் குடும்ப வரலாற்றுச் செயல்திட்டம் ஒன்று கொடுத்து வருகிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசி, கையில் கிடைக்கிற ஒரு காகிதத்தையோ பொருளையோ பார்த்து, இரண்டு பக்கம் எழுத வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கேட்பதும், பள்ளி வாசலில் பெற்றோர் நிறுத்திக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் அனுபவத்தில் கண்ட பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"குடும்ப வரலாறுன்னா வம்ச மரம் வரையறதுதானே டீச்சர்? அதுக்கு கடையிலேயே சார்ட் விக்கறாங்களே?"

அந்த சார்ட் வேண்டாம். மரத்தில் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு போட்டோ, கீழே பெயர். முந்தின நாள் ராத்திரி அம்மா உட்கார்ந்து ஒட்டிக் கொடுப்பார். பிள்ளை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்டிருக்காது.

நான் கொடுக்கும் வேலைக்கு மூன்றே மூன்று பொருள் தேவை: ஓர் ஆள், ஒரு கேள்வி, ஒரு சான்று. "ஆயா இந்த ஊருக்கு எப்போது, எப்படி வந்தார்?" என்பது கேள்வி. ஆயா சொல்வதைப் பிள்ளை எழுதிக்கொள்கிறது. பிறகு ஒரு ரேஷன் கார்டோ, கல்யாணப் பத்திரிகையோ தேடி எடுத்து, ஆயா சொன்னதோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. வரலாற்று ஆய்வாளர் செய்வதும் இதே வேலைதான். அதைப் பதினோரு வயதில் தன் வீட்டுத் திண்ணையில் செய்து பார்த்த பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் 'சான்றுகள்' என்ற சொல் வரும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை.

"எந்த வகுப்பில் ஆரம்பிக்கலாம்?"

ஆறாம் வகுப்பு. வரலாற்றில் முதல் பாடமே 'வரலாறு என்றால் என்ன?' என்பதுதான். அதை நடத்தி முடித்த கையோடு கொடுத்தால் பொருத்தமாக இருக்கும். தொடக்க வகுப்புகளுக்கு வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி ஐந்து வரி போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு இருக்கிற சுமையே போதும்.

"சிலபஸ் முடிக்கவே நாள் பத்தலை. இதுக்கு பீரியட் எங்கிருந்து வரும்?"

எனக்கு ஆவது நான்கு பீரியட். கேள்வி தயாரிக்க ஒன்று, கொண்டுவந்ததைச் சரிபார்க்க இரண்டு, பகிர்ந்துகொள்ள ஒன்று. மீதி வேலையெல்லாம் விடுமுறையில் வீட்டில் நடக்கிறது. காலாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை இரண்டும் நல்ல சமயம், பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போவார்கள். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு பெங்களூரு, சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் வந்து சேரும். கோடை விடுமுறைக்கு முன்பே கேள்வித்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் ஒரே நாளில் மூன்று தலைமுறையிடம் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இதைத் தனி வேலையாகச் செய்ய வேண்டியதில்லை. வளரறி மதிப்பீடு (அ)-வுக்கு எப்படியும் 20 மதிப்பெண்ணுக்குச் செயல்பாடு கொடுத்தாக வேண்டும். அதில் ஒன்றாக இதை வைத்துக்கொள்ளலாம்.

"'உங்க வரலாறு சொல்லுங்க'ன்னா எங்க மாமனார் 'என்னாத்த சொல்றது போ'ன்னு எழுந்து போயிடறாரு. பையன் என்ன பண்ணுவான்?"

கேள்வி பெரிதாக இருப்பதுதான் சிக்கல். "உங்கள் இளமைக்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. சின்னதாகக் கேட்கச் சொல்லுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதை யாரிடம் கொடுத்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்து போனீர்கள்? வீட்டுக்குக் கரண்டு எப்போது வந்தது? பாலாற்றில் கரை புரண்டு தண்ணீர் ஓடியதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பாலாற்றைப் பற்றிய அந்தக் கேள்வி ஒன்று போதும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிய கதை சொல்லாத பெரியவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, எதிரே உட்காரவைத்துப் பேட்டி எடுக்க வேண்டாம். வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். என் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆயா பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக் கொடுத்தபடியே கேட்டிருக்கிறாள். மடியில் முறம், முறத்தில் தூள், தகட்டை வைத்து அளவாக வெட்டிய இலை. ஆயாவின் கை ஓடிக்கொண்டே இருக்கிறது, கண் இலையின் மேல் இருக்கிறது, வாய் தன்போக்கில் பேசுகிறது. பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டியிராததால், தன் அம்மா வீட்டை விட்டு வந்த நாளைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சொன்னாராம்.

"எங்க வீட்ல ஒரு காகிதமும் கிடையாது. நாங்க கூலி வேலை செஞ்ச குடும்பம். பத்திரம் பட்டா வெச்சிருக்கறவங்களுக்குத்தானே வரலாறு?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நிலம் இல்லாத குடும்பத்துக்கும் காகிதம் உண்டு. பழைய ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, ஆஸ்பத்திரி சீட்டு, மணியார்டர் கூப்பன், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. கடைசியாகச் சொன்னது நம் பக்கத்துக்கு மிக முக்கியம். எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லாத எத்தனையோ பாட்டிகளுக்குப் பெயரும் போட்டோவும் சேர்ந்து இருக்கும் முதல் காகிதம் அந்த அட்டைதான். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன குடும்பங்கள் வட ஆற்காட்டில் ஏராளம். அவர்கள் வீட்டில் சம்பளச் சீட்டோ, லைன் வீட்டு எண் எழுதிய கடிதமோ டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும்.

எல்லாவற்றையும் விட நான் விரும்புவது மொய் நோட்டு. ஒரு பையன் தன் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டைக் கொண்டுவந்தான். நீள வாக்கில் மடித்த நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மங்கிப்போன மஞ்சள். ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் தொகை: இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஓரிடத்தில் 'சொம்பு 1'. வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்தோம். பாதிக்கு மேல் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில் பாதையை ஒட்டியே விழுந்தன. பையன் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, தாத்தாவின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"தாத்தா எந்த வருஷம் பிறந்தாருன்னே தெரியலை. சர்டிபிகேட்ல ஒண்ணு, அவர் சொல்றது ஒண்ணு."

சர்டிபிகேட்டில் உள்ளது பெரும்பாலும் தலைமையாசிரியர் போட்ட தேதி. அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது, பள்ளியில் சேர்க்கலாம். அதற்கேற்ற ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். பிறப்பு, இறப்பு பதிவுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-ல்தான். அதனால் முதியவர்களுக்குப் பிறப்புச் சான்று இல்லாதது குறை ஒன்றும் இல்லை.

தேதியைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேட்கச் சொல்லுங்கள். "எம்.ஜி.ஆர். செத்தப்ப உங்க அம்மா கைக்குழந்தை" என்றால் 1987 டிசம்பர். "காமராஜர் செத்த வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றால் 1975. தமிழ் வருடப் பெயர் சொன்னால் அதுவும் உதவும். ராட்சச வருடம் என்றால் 1975-76. ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது வருடம் 1876-77-லும் வந்தது, 1936-37-லும் வந்தது, 1996-97-லும் வந்தது. வீட்டில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று கதை இருந்தால் அது முதலில் சொன்ன வருடம். தாத்தா தாது வருடத்தில் பிறந்தவர் என்றால் இரண்டாவது.

நிலக் காகிதத்தில் பசலி ஆண்டு, அதாவது நில வருவாய்க் கணக்குக்கான ஆண்டு, இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்த பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1375 என்றால் 1965 ஜூலையில் தொடங்கியது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் ஹிஜ்ரி ஆண்டோடு வருவார்கள். அது சந்திர ஆண்டு, சூரிய ஆண்டை விடச் சுமார் பதினொரு நாள் குறைவு, ஆகவே அங்கே இந்தக் கூட்டல் கணக்கு பலிக்காது. கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டு ஒரு பீரியட் எடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

"பத்திரத்துல வட ஆற்காடு ஜில்லான்னு இருக்கு. ஆதார்ல ராணிப்பேட்டை மாவட்டம். ரெண்டும் ஒரே ஊரா?"

ஒரே ஊர்தான், மாறியது எல்லைக்கோடு. பழைய வட ஆற்காடு மிகப் பெரியது, அதன் தலைமையிடம் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைமையிடம் ஆனது. ஆந்திரம் 1953-ல் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 1989-ல் திருவண்ணாமலை தனியானது. 2019-ல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

அதனால் "எங்க கொள்ளுத்தாத்தா ஆந்திராவிலிருந்து வந்தவர்" என்று ஒரு பிள்ளை எழுதினால், எந்த வருடம் என்று கேளுங்கள். அவர் வந்த நாளில் அது ஆந்திராவாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரே ஜில்லாவுக்குள் பத்துக் கல் நடந்து வந்திருப்பார். கோடு பின்னால் விழுந்தது.

"பழைய கடிதத்தைப் பிள்ளைங்களால படிக்கவே முடியலை."

தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் கொம்பு யானைத் தும்பிக்கை மாதிரி எழுத்தின் மேலேயே சுழிந்து நிற்கும். ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். கரும்பலகையில் பத்து நிமிடம் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பத்திரங்களில் தமிழ் எண்களும் வரும், அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பத்திர நடை கொஞ்சம் கடினம். ஊர்ப் பத்திர எழுத்தர் ஒருவரை ஒரு மணி நேரம் பள்ளிக்கு வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியாக வருவார்.

"இப்படியெல்லாம் தோண்டினா சாதி வந்துடாதா? வகுப்புல பிரச்சினை ஆயிடுமே?"

வரும். இந்தப் பயம் நியாயமானது, இதைத் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வெட்டிய பிறகு, பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. அறிக்கை 2024 ஜூனில் வந்தது. இவ்வளவுக்குப் பிறகு ஒரு வகுப்பறைச் செயல்திட்டம் சாதியைக் கிளறுகிற கருவியாகிவிடக் கூடாது.

நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். சாதி, கோத்திரம், குலத்தொழில் எதையும் கேட்பதில்லை. குலதெய்வமும் கேட்பதில்லை. பார்க்க அப்பாவிக் கேள்வி போல இருக்கும், ஆனால் நம் ஊரில் கோயில் பெயரைச் சொன்னாலே மற்றது தெரிந்துவிடும். தெருப் பெயரும் அப்படியே. 'பூர்வீகத் தொழில்' என்பதற்குப் பதிலாக 'அவர் செய்த முதல் வேலை' என்று கேட்கிறேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டி வந்தால் தலைமையாசிரியர் அனுமதியோடு நானே பார்த்து, வேண்டிய வரியை மட்டும் எழுதிக் கொடுக்கிறேன். யாருடைய தாளையும் சுவரில் ஒட்டுவதில்லை.

இதையும் மீறி இரண்டு விதமாகச் சாதி உள்ளே வரும். ஒருவன் "நாங்க ஆண்ட பரம்பரை" என்று எழுதுவான். அவனிடம் மற்ற எல்லோரிடமும் கேட்பதையே கேட்கிறேன்: "சான்று எங்கே?" இன்னொரு பிள்ளை, தன் தாத்தா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை எழுதும். அது வரலாறு. அந்தப் பிள்ளை அதை எழுத முழு உரிமை உண்டு. வகுப்பில் படிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையும் வீட்டாரும்தான் முடிவு செய்ய வேண்டும். படித்தால், மற்றவர்கள் தலை நிமிர்ந்து கேட்கும்படி வகுப்பை முன்கூட்டியே தயார் செய்வது என் பொறுப்பு. பழைய காகிதங்களில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டியிருப்பதையும், இன்று வருகைப் பதிவேட்டில் வெறும் இனிஷியல் இருப்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே கவனித்துக் கேட்பார்கள். அப்போது 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பெயரை விடச் சொல்லித் தீர்மானம் போட்டதைச் சொல்ல நல்ல வாய்ப்பு.

"அப்பா விட்டுட்டுப் போன பிள்ளை இருக்கு, விடுதிப் பிள்ளை இருக்கு, தத்துப்பிள்ளை இருக்கு. அதுங்களுக்கு என்ன கொடுக்கறது?"

தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். தனியாகக் கொடுத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எல்லோருக்கும் பொதுவாகவே தலைப்பை மாற்றிவிடுங்கள்: 'எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்'. அது தாத்தாவாக இருக்கலாம், விடுதிச் சமையலம்மாவாக இருக்கலாம், தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். முதல் கேள்வியில் சொன்ன சார்ட்டை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். காலிக் கட்டம் ஒரு பிள்ளையைப் பார்த்து உனக்கு ஆள் இல்லை என்று சொல்லும்.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் கூடுதல் நிதானம் வேண்டும். ஏன் வந்தீர்கள் என்று நாமாகக் கேட்கக் கூடாது. அங்கே என்ன சமைப்பார்கள், என்ன விளையாடுவார்கள் என்று பிள்ளை கேட்டு வந்தால் போதும். மீதியை வீட்டில் சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

"எங்க வீட்ல அக்கா மகளைக் கட்டிக் கொடுத்திருக்கோம். மாமாவும் அப்பாவும் ஒரே ஆள். மரத்துல எப்படி வரையறது?"

நம் உறவுமுறைக்கு மரம் ஒத்துவராது, மேலே போகப் போகக் கிளைகள் மறுபடி ஒன்று சேரும். பெயர்களை வட்டங்களாகப் போட்டு, இருவருக்கும் நடுவே கோடு இழுத்து, கோட்டின் மேல் கூப்பிடும் முறையை எழுதச் சொல்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு கோடு வந்தால் வரட்டும்.

கூப்பிடும் சொல் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம். தமிழில் அப்பாவின் அப்பாவும் அம்மாவின் அப்பாவும் தாத்தாதான். உருது பேசும் வீட்டுப் பிள்ளை, அப்பா வழி என்றால் தாதா, தாதி. அம்மா வழி என்றால் நானா, நானி என்று பிரித்துச் சொல்லும். தெலுங்கு வீட்டில் பாட்டி அவ்வா. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பாட்டி ஆயா, அப்பா நைனா. எழுதும்போது வீட்டில் கூப்பிடும் சொல்லையே எழுதச் சொல்லுங்கள், 'பாட்டி' என்று திருத்தாதீர்கள்.

"ஆம்பிளைங்க பக்கம் நாலு தலைமுறை போகுது. அம்மா பக்கம் பாட்டியோட நின்னுடுது. ஏன் டீச்சர்?"

இதைக் கேட்டது ஏழாம் வகுப்பு மாணவி. இனிஷியல் அப்பா பெயரைத்தான் சுமக்கிறது. பேரன் என்ற சொல்லே 'பெயரன்', தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பத்திரம் ஆண் பெயரில், கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயர் ஆண் பெயர். ஊர் மாறிப் போவது பெண்.

அதனால் என் வகுப்பில் ஒரு விதி: யாரைப் பற்றி எழுதினாலும் அவருடைய அம்மாவின் பெயரையும், அம்மா பிறந்த ஊரையும் கேட்டு எழுத வேண்டும். பாதிப் பேருக்கு வீட்டில் சட்டென்று பதில் கிடைக்காது. பக்கத்து ஊர் அத்தைக்கு போன் போடுவார்கள், அந்த அத்தை இன்னொருவருக்குப் போடுவார். மொய் நோட்டு, பீடி அட்டை பற்றி மேலே சொன்னேனே, அம்மா வழியைப் பிடிக்க அந்த இரண்டும்தான் அதிகம் உதவின.

"எங்க முப்பாட்டன் 1806 வேலூர் கலகத்துல சண்டை போட்டவர்னு பையன் எழுதியிருக்கான். மார்க் போடலாமா?"

கதையைப் பொய் என்று சொல்ல வேண்டாம், உண்மை என்று டிக் அடிக்கவும் வேண்டாம். நடந்ததை வைத்துக் கேள்வி கேளுங்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். முப்பாட்டன் கோட்டைக்குள் இருந்த சிப்பாயா, பேட்டையில் இருந்தவரா? யார் சொல்லி இந்தக் கதை வீட்டுக்கு வந்தது? தலைமுறைக்கு இருபத்தைந்து வருடம் என்று வைத்து எண்ணினால், அந்தக் காலத்துக்கு எத்தனை தலைமுறை வேண்டும்? அந்தப் பையனே எண்ணிப் பார்த்து, முப்பாட்டன் அப்போது பிறந்திருக்கவே முடியாது, அவருக்கும் நான்கைந்து தலைமுறை முன்னால் இருந்தவராக வேண்டுமானால் இருக்கலாம் என்று வந்து சொன்னான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

ராணுவக் கதை எல்லாமே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பதக்கம், ஓய்வூதியப் புத்தகம், சீருடைப் போட்டோ என்று கைக்கெட்டும் சான்றுகள் நிறைய உண்டு.

"பழைய சென்சஸ்ல தேடினா பேர் கிடைக்குமா?"

கிடைக்காது. தனி ஆள் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வெளியாவது மொத்தக் கணக்கு மட்டும். சொத்து இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. எழும்பூர் ஆவணக் காப்பகம் வரைக்கும் போக எட்டாம் வகுப்புக்குத் தேவையில்லை.

"தென்னாப்பிரிக்காவிலேருந்து எல்லாம் வந்து ஊரைத் தேடறாங்களே, அவங்களுக்கு மட்டும் எப்படி விவரம் தெரியுது?"

1860 நவம்பரில் மதராஸிலிருந்து முதல் கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் வட ஆற்காட்டார் ஏராளம். கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதிவைத்தார்கள். ஆளை அடையாளம் வைத்து வேலை வாங்க எழுதிய ஏடு அது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லை, கப்பலேறிய தம்பிக்கு மச்சம் முதற்கொண்டு பதிவு இருக்கிறது. இதைச் சொன்ன நாளில் வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நம் ஊர்ப் பெயர்கள் அப்படி ஒருவர் காதில் எப்படி விழும் என்று பிள்ளைகளை எழுதிப் பார்க்கச் சொல்லலாம், நல்ல பயிற்சி.

"பொண்ணு கேட்டதும் என் மாமியார் அழுதுட்டாங்க. வீட்டுக் கஷ்டத்தை எல்லாம் வகுப்புல சொல்லணுமா?"

வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாராவது "அது வேண்டாம்" என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். அழுதால் நோட்டை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். வீட்டில் கேட்டதை எழுத ஒரு நோட்டு, பள்ளிக்குக் கொண்டுவர ஒரு தாள். நோட்டிலிருந்து தாளுக்கு எது வரலாம் என்பதைப் பேசிய பெரியவர்தான் சொல்ல வேண்டும். நோட்டை நான் வாங்கிப் பார்ப்பதில்லை.

"ஒரிஜினல் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பலாமா?"

கூடாது. முதல் வருடம் நான் இதைத் தெளிவாகச் சொல்லத் தவறிவிட்டேன். ஒரு பிள்ளை தாத்தா, ஆயாவின் ஒரே கல்யாணப் போட்டோவைச் சட்டத்தோடு பையில் வைத்துக் கொண்டுவந்தது. ஐப்பசி மழை. கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, ஆயாவின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்தார்.

இப்போது செல்போனில் எடுத்த படமோ, பார்த்து எழுதிய நகலோதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய போட்டோவை யாரும் பிரிக்க முயலாதீர்கள், கண்ணாடிக்கு வெளியிலிருந்தே படமெடுங்கள். ஆதார் நகலை வாங்கவே வேண்டாம்.

"பிள்ளைங்க எடுத்த வீடியோ ரொம்ப நல்லா இருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?"

பேசியவர் சம்மதித்தால்கூட நான் போடுவதில்லை. தன் பேரனிடம் பேசுவதாக நினைத்துப் பேசியது அது. வகுப்பில் ஒருமுறை போட்டுக் கேட்போம், அப்புறம் அந்த வீட்டாரிடமே கொடுத்துவிடுவோம்.

"மார்க் எதுக்குப் போடறீங்க?"

கேட்ட கேள்விக்கு, சரிபார்த்ததற்கு, தெரியாததைத் தெரியாது என்று எழுதியதற்கு. எத்தனை தலைமுறை போனது, எத்தனை போட்டோ ஒட்டியது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இணையத்திலிருந்து எடுத்து எழுதிவிடுவார்களே என்று சிலர் கேட்பதுண்டு. ஆயாவின் முதல் சம்பளம் எந்த இணையத்திலும் இல்லை.

"பெரியவங்க சொல்றது ஒண்ணு, காகிதம் சொல்றது ஒண்ணுன்னா எதை எழுதச் சொல்றது?"

இரண்டையும். பக்கத்தில் பக்கத்தில். ஒரு மாணவியின் ஆயா, "மைன்ஸ் மூடினப்ப மாரிக்குப்பத்துல ரயில் ஏறி இங்க வந்துட்டோம்" என்றார். தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரியில். ஆனால் அவர் மகனின் மாற்றுச் சான்றிதழில், குடியாத்தம் பள்ளியில் சேர்ந்தது 1992 என்று இருந்தது. ஆயாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று எழுதிவிடப் பார்த்தாள். மறுபடி போய்க் கேள் என்று அனுப்பினேன்.

திரும்பி வந்தவள் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் தாத்தாவுக்கு வேலை போனதைத்தான் ஆயா மைன்ஸ் மூடியது என்கிறார். அது எந்த மாதம் என்று ஆயாவுக்கு நினைவில்லை. தங்கவயலில் சாம்பியன் ரீஃபில் இருக்கும் சின்னத் தாத்தாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்க வேண்டும்."